மூன்று மில்லிமீட்டர்

நாற்பத்தொன்றாம் எண், இடது பக்கம்.
டிரில்லை நிறுத்திவிட்டு
பட்டடை எலும்பிலிருந்து மூட்டைப் பிரித்தேன்.
அங்கவடி ஊசிமுனையோடு வந்தது
ஒரு கணம் நின்றது
பிறகு இல்லை.

கீழ்ப்பாக்கத்து எலும்பு லேபில்
வெள்ளைச் சில்லுகள் பதித்த மொசைக் தரை.
அதில் வெள்ளையாய் ஒன்றைத் தொலைத்தவள்
யாரை நோவாள்.

முழங்காலிட்டு நானும் ஷஹானாவும்,
செல்போன் டார்ச்சோடு.
"அரிசில பாதி இருக்குமா?" என்றார் எத்திராஜ்
விளக்குமாற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி.
"அதுலயும் பாதி."
"அப்ப இன்னேரம் எறும்பு இட்னு போயிருக்கும் மேடம்."

ரிஜிஸ்டரில் பார்த்தேன்:
ஆண், அறுபது இருக்கலாம்,
எழும்பூர் ஸ்டேஷன் வாசல்,
உரிமை கோருவார் இல்லை.
பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு.

அந்தக் கோட்டை
எவரோ ஒருநாள் வாய்விட்டுக் கூப்பிட்டிருப்பார்கள்.
செவிப்பறை அதிர்ந்து
சுத்தி அசைந்து
பட்டடை அசைந்து
கடைசியில் இந்தக் குட்டி வளையம்தான்
முட்டை வடிவச் சன்னலை உள்ளே அழுத்தியிருக்கும்.
அதற்கப்பால் தண்ணீர்.
காற்றில் வரும் குரல் தண்ணீரில் இறங்காது;
மெரினாவில் முங்கியவனுக்குத் தெரியும்
கரையில் கத்துகிறவர்களுக்கு வாய் மட்டும்தான் உண்டு.
இருபது மடங்கு அழுத்தினால்தான்
அந்தச் சின்னக் கடல் அசைந்துகொடுக்கும்.
அழுத்துவது இதன் வேலை.
தூக்கத்திலும் லீவு கிடையாது.

சுத்தியும் பட்டடையும் ஒரு காலத்தில்
ஊர்வனவற்றின் தாடையாக இருந்தவை.
மெல்வதை விட்டுவிட்டுக் கேட்கப் போயின.
(எங்கள் வீட்டில் யாரும்
இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை.)

பரீட்சைக்குப் படித்த வரி ஒன்று
தரையில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது இடித்தது:
இவை வளர்வதில்லை.
தொடை எலும்பு நீளும்
பல் வரும், போகும்.
இவை பிறந்த அன்றைக்கே ஏறக்குறைய முழு அளவு.
ஆக,
அவரை முதன்முதலில் பெயர் சொல்லி அழைத்ததைத் தாங்கியதும்
எழும்பூரில் கடைசியாய்
"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றதைத் தாங்கியதும்
ஒரே மூன்று மில்லிமீட்டர்.
அதைத்தான் நான் தொலைத்திருக்கிறேன்.

எட்டரைக்கு லைட்டை அணைத்தார்கள்.
சேத்துப்பட்டில் ஏறினேன்.
மாம்பலத்தில் புடவைக்கடைப் பைகள் ஏறின
சைதாப்பேட்டையில் ஒருவர் கண்தெரியாமல் பாடிக்கொண்டு வந்தார்
பரங்கிமலையில் மொத்தப் பெட்டியும் போனில் பேசியது.
என் இரண்டு காதிலும்
ஆறு எலும்புகள் ஓவர்டைம் பார்த்தன.

பழவந்தாங்கல் அறையில்
துவைக்க எடுத்து வந்த ஏப்ரனை உதறப் போனேன்.
மடித்த கைக்குள்
ஒரு அங்கவடி
எந்தக் குதிரையிலும் மாட்டாமல்.

சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.
பழைய கான்டாக்ட் லென்ஸ் டப்பாவில்
இடது கண்ணுக்கான குழியில் வைத்து மூடினேன்.
இடதுக்கு இடது,
அதுவரைக்குமாவது சரியாக இருக்கட்டும்.

தலைக்கு மேலே விமானம் இறங்கியது.
சன்னல் கம்பி நடுங்கியது
மேசை நடுங்கியது
டப்பாவுக்குள் அதுவும் நடுங்கியிருக்கும்.
நடுங்குவது வேறு, கேட்பது வேறு.
அதற்குப் பின்னால் யாராவது இருக்க வேண்டும்.

விமானம் போன பிறகு
"மன்னிச்சிடுங்க" என்று சத்தமாகச் சொன்னேன்.

நாம் பேச வாய் திறக்கும் முன்பே
உடம்பிலேயே சின்னத் தசை ஒன்று
அங்கவடியை லேசாகப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும்,
சொந்தக் குரல் நம்மையே செவிடாக்காமல் இருக்க.

அதனால்
நான் சொன்னதை
நானே கொஞ்சம் குறைவாகத்தான் கேட்டேன்.