இளைப்பு

நீர்கொழும்பில் வாங்கியது. இருபத்தாறடி.
கெபினுக்குள் இரண்டு கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு,
உப்புத் தின்ற எஞ்சின்.
"அதுக்குக் காசு வேணாம்" என்றான் விற்றவன்.
பெரிய மனசு.

கினிகத்தேனை வளைவுகளில்
லொறி முதுகில் படுத்தபடி ஏறி வந்தது.
கொழுந்துச் சாக்கோடு ஒதுங்கி நின்றவர்களில் ஒருத்தி
"வழி தவறி வந்திருச்சு" என்றாள்;
யாரைச் சொன்னாளோ.

மவுசாக்கலைக் கரையில் எட்டு மாதம்.
யோகமலரின் வளையல் நான்கும் ஹட்டனில் அடகில்;
அவற்றின் பெயர் இப்போது ஜப்பான் டீசல்.
பழைய மேடையில் அது உட்காரவில்லை,
முக்கால் அங்குலம் இடித்தது.
வெல்டிங் கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் செபமாலை சொன்னான்:
"கடல்மட்டத்துக்குச் செஞ்சது, அண்ணே. இந்த உயரத்துல
இதுக்கும் இளைக்கும்."
புரொப்பெலர் இலைகளைத் தட்டிக் குறைத்தான். மூன்று தடவை.

மூன்று தடவையும் நடுநீரில் நின்றது.
மூன்று தடவையும் துடுப்பு, மழை, கரையேறினால் அட்டை.

நேற்று
கரும்புகை, வெண்புகை, பிறகு
புகையே இல்லை.
யோகமலர் சுக்கானைப் பிடித்தாள்; கேட்கவில்லை, பிடித்தாள்.
ஆழங்காட்டியில் நாற்பதடி, முப்பது,
திடீரென்று ஏழு:
கீழே பழைய மஸ்கெலியாக் கோயிலின் தலை.
சாவியைத் திருப்பினேன்.
நின்றது.
நான் சொல்லி அது நின்றது
இதுதான் முதல் தடவை.