தட்டுகிறவன் உள்ளே வருவதில்லை

செவ்வாய்க்கிழமை கிளினிக்.
களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரி வாங்கில்
கொப்பியைச் சுருட்டிப் பிடித்தபடி
ஐந்தரையிலிருந்து வெறும் வயிறு.
இருநூற்று அறுபத்தெட்டு என்று எழுதியிருந்தது.
இருபது வருடம் ஐஸ் லொறி ஓட்டினவனுக்கு
இனிப்போடு என்ன கொடுக்கல் வாங்கல் என்று கேட்டேன்.
டொக்டர் பிள்ளை சிரிக்கவில்லை.

மருந்துத் துண்டின் பின்பக்கம் வட்டம் போட்டாள்.
இது உங்கட தசையில ஒரு கலம்.
வட்டத்தின் ஓரத்தில் ஒரு கதவு.
கதவுக்கு வெளியே பேனையால் குத்திய ஒரு புள்ளி:
இன்சுலின்.

"இவர் வந்து தட்டுவார், ஐயா. அவ்வளவுதான் அவர்ட வேலை.
உள்ளுக்குப் போகமாட்டார்."

போகமாட்டாரா?

"போகத் தேவையில்ல. கதவில கை பட்டதும்
உள்ளுக்கு நிக்கிறவர் பக்கத்தில நிக்கிறவரைத் தொடுவார்,
அவர் அடுத்தவரை.
அப்பிடியே கை மாறி, கை மாறி,
ஆழத்தில சுருட்டி வைச்சிருக்கிற குட்டிப் படலையள்
மேல வந்து சுவரில பொருந்தும்.
சீனி அதாலதான் உள்ள போகும்."

வட்டத்தை ஒருதரம் தட்டிக் காட்டினாள்.
"உங்கட உடம்பில தட்டுற ஆள் தட்டிக்கொண்டுதான் நிக்கிறார்.
எழும்புறதுக்குத்தான் ஒருத்தரும் இல்ல."

அந்த வீட்டை எனக்குத் தெரியும்.

களுதாவளையில், கடற்கரைப் பக்கம்,
தொண்ணூறாம் ஆண்டு.
முதல் தட்டுக்கு அப்பா எழும்பிப் போனார்.
இரண்டாம் தட்டுக்கு அண்ணன் கிருபைநாதன்,
சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே.
மூன்றாம் தட்டுக்கு அம்மா குப்பிவிளக்கை ஊதினா.
எங்கள் மூன்று பேரின் வாயையும்
இரண்டு கையால் பொத்தினா.
அந்தக் கணக்கு எனக்கு இன்னும் வரவில்லை.

பிறகு யார் தட்டினாலும் ஒரே சத்தம்தான்.
துவக்கின் அடிக்கட்டையும்
தபால்காரரின் விரல் மொழியும்
பலகைக்கு ஒன்று.
சங்கக்கடையில் அரிசி பறிக்கிறார்கள் என்று சொல்ல
ஒருநாள் யாரோ ஓடி வந்து தட்டினார்.
வந்தது யார் என்று பிறகும் தெரியவில்லை.
தெருமுனையில் மூட்டை மூட்டையாய் அரிசி,
உள்ளே நாங்கள் தண்ணீர் குடித்துப் படுத்தோம்.

"இரத்தம் நிறையச் சீனி, கலத்துக்குள்ள பட்டினி"
என்று அவள் சொன்னபோது
அந்த மூட்டைகளின் சணல் மணம் வந்தது.

சொல்ல நினைத்தேன்:
மகள், கதவில் பழுதில்லை.
கனதரம் தட்டுப்பட்ட கதவு, அதுக்கும் ஒரு புத்தி இருக்கு.
கேட்டதென்னவோ
குளிசை சாப்பாட்டுக்கு முன்னுக்கா பின்னுக்கா என்பதுதான்.

"பின்னுக்கு. அதோட நடவுங்கோ.
நடக்கிற தசை தட்டுக்குப் பார்த்துக்கொண்டிராது.
அதுக்கு வேற பாதை இருக்கு, தானாத் திறக்கும்."

எங்களுக்கும் இருந்தது.
கிணற்றடி வேலியில் கிடுகு இரண்டு தளர்ந்த இடம்.
யோகமலர் மாமி அதால் கையை நீட்டுவா.
தட்டமாட்டா. பேர் சொல்லிக் கூப்பிடமாட்டா.
அலுமினியக் கோப்பையில் கஞ்சி,
கஞ்சிக்கு மேல் ஒரு வெங்காயத் துண்டு.
சில நாள் வெங்காயமும் இல்லை.

இப்போது விடிய முன்னம் நடக்கிறேன்.
வெற்றிலைத் தோட்டங்களுக்கு இயந்திரம் தண்ணீர் இறைக்கிற சத்தம்,
எனக்குச் சொந்தமில்லாத நாயொன்று பின்னால்.
முதல் கிழமை கால் நொந்தது.
மூன்றாம் கிழமையும் நொந்தது.
துடைக்குள் எத்தனை படலைகள் திறந்தனவோ,
ஒன்றுக்கும் சத்தம் கிடையாது.
போன செவ்வாய் நூற்றுத் தொண்ணூற்றொன்று.
"பரவாயில்ல" என்றாள், நிமிராமல், அடுத்த கொப்பியை இழுத்தபடி.

நேற்று மத்தியானம் கதவில் தட்டு.
கையில் பிடித்த தேத்தண்ணி அப்படியே நின்றது.
நான் எழும்புவதற்குள்
மின்சாரசபைப் பொடியன் பக்கத்து வளவுக்குப் போய்விட்டான்.
படலை வரைக்கும் நடந்து போய்
தம்பி, இஞ்சயும் மீட்டர் இருக்கு
என்று கூப்பிட்டேன்.