கடன் வாங்கிய டின்

பங்களாவை ஹோட்டலாக்கிய வீரக்கோன் மாத்தயா
ஒரு தகரப் பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தார்.
எந்தத் துரையோ விட்டுப்போன தூண்டில் சாமான்கள்.
சாப்பாட்டறைச் சுவருக்கு ஒரு படம் வேண்டுமாம்.
பழசு பழசாகவே தெரியணும் என்றார்.
முற்பணம் ஐயாயிரம்.

மூன்று துண்டாய்க் கழன்ற மூங்கில் கோல்.
பல்லிடுக்கெல்லாம் களிம்பேறி
சுற்ற மறந்த பித்தளைச் சக்கரம்.
பிரம்புக்கூடையின் மூடியில்
மீனை நுழைக்கச் சதுரமாய் ஓர் ஓட்டை.
ஈயைப் போல இறகு கட்டிய முட்கள் பதினொன்று,
அந்துப்பூச்சி தின்றதில்
ஏழு வெறும் முள்.

ஸ்டோர் ரூமில் மூன்று நாள் வரைந்தேன்.
ஒன்றும் அசையவில்லை.
அசையாப் பொருள் என்றுதான் இந்த வகைப் படத்துக்குப் பெயர்.
ஆனாலும் இவ்வளவு அசையாமலிருந்தால்
தூரிகைக்குத் தூக்கம் வருகிறது.

துரு நிறத்தைப் பார்த்துத்
தேயிலைச் சாயமா என்று கேட்காத ஆள் இல்லை.
அட்டனில் வாங்கிய செங்காவிக் குழாய்,
ஒரு பொட்டு நீலம்.
அவ்வளவுதான்.

நாலாம் நாள்
தம்பி தவசீலனிடம் அவன் டின்னைக் கேட்டு வாங்கினேன்.
டின்மீன் டின். லேபலில் வால் மட்டும் மிச்சம்.
மேலே சுற்றிய நைலோன் நரம்பு,
ஈயக்குண்டுக்குப் பதில்
த்ரீவீலில் கழற்றிப் போட்ட ஸ்பார்க் பிளக்,
மிதவைக்கு அறுந்த பாட்டா செருப்பின் குதிகால்.
துரையின் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.
விளிம்பில் காய்ந்த மண்புழுப் பிசின்.
மேசைக்கு முதல்முறையாக ஒரு வாசம் வந்தது.

நிழலைத்தான் முதலில் போடுவேன்.
மூன்று மணிக்கு மூடுபனி ஏறிவிட்டால்
இங்கே எதற்கும் நிழல் கிடையாது.
கருநீலத்தில் ஊதா தொட்டு
டின்னின் நிழலை இழுத்து முடிக்கையில்
ஜன்னலில் தம்பி.

"அக்கா, காசல்ரீயில தண்ணி எறங்கிருச்சு.
கட்டுக்கிட்ட திலாப்பியா அள்ளுதாம்.
டின்னக் குடு."

"ரெண்டே நாள் பொறுடா."

"நான் பொறுப்பேன். மீனு பொறுக்குமா?"

கிராதிக்குள் கைவிட்டு எடுத்துப் போனான்.
சவுக்கு மரங்களுக்குக் கீழே
ஸ்பார்க் பிளக் டின்னில் மோதும் சத்தம்
கொஞ்சத் தூரம் கேட்டது.

ஞாபகத்திலிருந்து வரைந்து பார்த்தேன்.
கடையில் அடுக்கிய டின் மாதிரி
புத்தம் புதிதாக வந்தது.
டர்ப்பன்டைன் தொட்டுத் துடைத்தேன்.
மறுபடி வரைந்து
மறுபடி துடைத்தேன்.

மாத்தயா படத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தார்.
கோல் சரி. கூடை சரி. சக்கரம் ரொம்பச் சரி.
பிறகு விரலை நீட்டினார்:
இது எதன் நிழல்?

வேலைக்குப் போயிருக்கிறது என்றேன்.

மிச்சக் காசில் ஆயிரம் குறைத்துக்கொண்டு
சுவரில் மாட்டச் சொன்னார்.

டின் இப்போது வீட்டில்,
அடுப்படிக் கொடியில் தொங்குகிறது.
பாறையில் விழுந்ததாம்,
விளிம்பில் புதிதாக ஒரு நசுங்கல்.
சுவரிலிருக்கும் நிழலுக்கு
இனி அது பொருந்தாது.
தம்பியிடம் சொன்னேன்.
செதிள் ஒட்டிய கையோடு
சோற்றைப் போடு என்றான்.