மூச்சு விடாதே

டிசம்பர் வந்தால் புந்தா அரேனாஸில்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்.
அதைப் பிடித்துக்கொண்டுதான் சாலையைக் கடக்க வேண்டும்.
தொப்பி போகும், குடை போகும்.
ஒருமுறை அஞ்சல்காரர் ஒசேகோவிச்சின் மிதிவண்டி
ஆளில்லாமல் நீரிணைவரை போனது.
காற்று என்றால் எங்களுக்கு அதுதான்.
கத்தும், தள்ளும், முகத்தில் அறையும்.
எதிரிதான், ஆனால் சொல்லிவிட்டு வருகிற எதிரி.

ஜூலையில் அது உறங்கும்.
பகல் எட்டு மணிநேரம்கூட நிற்காது.
ஜன்னல் இடுக்குகளில் பசைநாடா ஒட்டுவேன்.
கொதிகலன், குழாய்கள், கூரைக்குள் ஓடும் காற்றுப்பாதை
எல்லாம் இந்த மருத்துவமனையில் என் பொறுப்பு,
இருபத்திரண்டு வருடமாக.

நாலு கட்டில் போட்ட அறை.
மூன்றாவதில் எலெயுத்தேரியோ ஞான்குபெல்,
செம்மறி மயிர் கத்தரிப்பவர்,
பனியில் சறுக்கி இடுப்பெலும்பு முறிந்தவர்.
"தலைக்கு மேலே குளிர் கொட்டுதப்பா.
வாழ்நாளெல்லாம் ஆடுகளை மொட்டையடித்தேன்,
அதுக்கா இப்படிப் பழிவாங்குறீங்க?"
அறையே சிரித்தது.
ஏணி போட்டு ஏறினேன்.
ஏழாம் எண் அடைப்பானைக் கால் சுற்று திருப்பினேன்.
இன்னும் கால்.
பிறகு, சரி போகட்டும் என்று, முழுசாக.
அவர் கும்பிடாத குறையாகக் கை தூக்கினார்.

மறுநாள் முதல் கட்டிலுக்கு
போர்வெனிரிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர்.
இருமல்.
தரையில் மஞ்சள் கோடு போட்டார்கள்.
எச்சில் துளி கூழாங்கல் மாதிரி,
எட்டிப் பாயும், கோட்டுக்குள்ளேயே விழும்
என்பது கோட்டின் நம்பிக்கை.
விழுவது விழத்தான் செய்தது.
விழாதது
மாவு சலிக்கும்போது எழும்புகிற பொடியைப் போல
இறங்க மனமில்லாமல், எழுதப் படிக்கத் தெரியாமல்,
கோட்டின் மேலேயே மிதந்து போயிருக்கும்.
ஒருவர் தலைமயிரைக்கூட அசைக்காத காற்று.
பிடித்துக்கொள்ளக் கயிறில்லாத காற்று.

செவ்வாய்க்கிழமை இரண்டாம் கட்டிலுக்குக் காய்ச்சல்.
வியாழன் செவிலி தானிட்சா பாரியாவுக்கு.
விரல்கணு வெடித்து ரத்தம் வரும்வரை
கை கழுவுகிறவள் அவள்.
சனிக்கிழமை ஞான்குபெல்லுக்கு.

விசாரணைக் குழு வந்தது.
சோப்பு எத்தனை லிட்டர் செலவு என்று கேட்டது.
எத்தனை நொடி தேய்த்தீர்கள், நகத்துக்கு அடியில் தேய்த்தீர்களா,
கதவுக் கைப்பிடியைத் துடைத்தது யார்?
எல்லாம் கையைப் பற்றி.
ஒருவரும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர்கள் போனதும்
கழிவறைத் தாளில் ஒரு துண்டு கிழித்து
கம்பிவலைக்கு நேரே பிடித்தேன்.
தொங்கியது.
காற்றில்லாத நாளில் தொங்கும் கொடி மாதிரி.
அப்படியொரு கொடியை
இந்த ஊரில் நான் பார்த்ததே இல்லை.

மேலாளரிடம் சொன்னேன்.
கதவைச் சாத்தினார்.
"இதைப் பற்றி வெளியே மூச்சு விடாதே" என்றார்.
அவர் சொன்னது வேறு அர்த்தத்தில்.
எனக்கு அந்த நாலு கட்டில்களும் கண்ணில் வந்தன.
அந்த ஆணைக்கு அங்கே யார் கீழ்ப்படிந்திருக்க முடியும்?

திறந்தே இருந்திருந்தால் வந்திருக்காதா?
தெரியாது. குறைந்திருக்கலாம்.
அந்த 'லாம்' என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

பராமரிப்புப் பதிவேட்டில் எழுதினேன்:
ஏழாம் எண். மூடிய தேதி. மூடிய நேரம்.
மூடியவர் என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
பிறகு என் பெயர், முழுப் பெயர், தாயார் வழிப் பெயரும் சேர்த்து.

இரவு இரண்டு மணிக்கு அடைப்பானைத் திறந்தேன்.
பசைநாடாவையும் உரித்தேன்.
தாளின் நுனி நடுங்கியது, பிறகு கிடையாக எழுந்தது.
ஆக்சிஜன் முகமூடிக்கு மேலே
ஞான்குபெல்லின் கண்கள் என்னைப் பார்த்தன.
"குளிருதா?"
ஆமாம் என்று தலையசைத்தார்.
கிடங்கிலிருந்து கம்பளி ஒன்று எடுத்துவந்து
கழுத்துவரை இழுத்துப் போர்த்தினேன்.

அன்றைக்கும் அங்கே
பதினாறு கம்பளிகள் மடித்துதான் கிடந்தன.