இருபத்தொன்பதாம் இருக்கை

ஆர்ப் வாத்தியத்துக்கும்
முழு டிக்கெட் எடுத்திருந்தார் அனக்லெத்தோ.
இருபத்தொன்பது, ஜன்னலோரம்.
பெல்ட்டும் போட்டுவிட்டுத்தான்
தன் இடத்தில் உட்கார்ந்தார்,
உட்கார்ந்ததும் தூங்கினார்.

லீமாவிலிருந்து மலையேறும் இரவு பஸ்.
பதினேழு வருடமாக நான்தான் ஓட்டுகிறேன்.
ஜூலைக் கடைசியில் மாடுகளுக்குத் திருவிழா;
அப்போது பஸ்ஸின் வயிற்றில்
மூட்டை மூட்டையாக ரிப்பன்.
நான் கடற்கரைக்காரன்.
எனக்கு மாடும் தெரியாது, அதன் சாமியும் தெரியாது.
பிரேக் தெரியும்.

கணவாயில் பனி.
முன்னால் ஒரு சுரங்க லாரி
சாலைக்குக் குறுக்கே படுத்துவிட்டது.
எஞ்சினை அணைத்தேன்,
வாய்கள் ஸ்டார்ட் ஆயின.

"நாங்கள் பணம் அனுப்பாவிட்டால்
இந்தத் திருவிழா என்றைக்கோ செத்திருக்கும்."
இது சோசிமா.
லீமாவில் பிறந்து லீமாவில் வளர்ந்தவள்,
ஊர்ச் சங்கத்தின் பொருளாளர்.

"உங்கள் திருவிழாவில் மாடு பிளைவுட்."
இது ஹெர்மோகெனெஸ்.
மலையிலேயே கிடப்பவர்,
கம்பெனிக்குப் பால் ஊற்றுகிறவர்.

"உங்கள் மாட்டுக் காதில் மட்டும் என்ன,
மஞ்சள் பிளாஸ்டிக்கில் நம்பர்."
"நம்பர் இல்லாவிட்டால் கம்பெனி பாலை எடுக்காது."
"ரிப்பன் இல்லாவிட்டால் சாமி எடுக்காது."
"நான் வேறு சபைக்குப் போய் எட்டு வருடமாகிறது."
"பார்த்தீர்களா!"
"பத்து மணிக்கு மண்டபத்தைக் காலி செய்ய
மூன்று நாள் விழாவை நாலு மணி நேரத்தில் முடிக்கிறீர்களே,
அதைப் பார்த்தேன்."
"அந்த மூன்று நாளும் நீங்கள்
ஸ்பீக்கரில் கும்பியா போடுவதை நானும் பார்த்தேன்."

ஊர் ரெண்டுபட்டிருந்தது.
கூத்தாடி மட்டும்
இருபத்தெட்டாம் இருக்கையில்
குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

குளிருக்கோ கோபத்துக்கோ
சோசிமா பாட ஆரம்பித்தாள்,
மாட்டைக் கூப்பிடும் பாட்டு, கெச்சுவாவில்.
ஒரு சொல் பிசகவில்லை.
பின் இருக்கைகளில் பேச்சு நின்றது.
பாடி முடித்தவளை அவர் கேட்டார்:
"வாய்ல்யா இச்சு என்றாயே, அது என்ன?"
"ஒரு பெண்ணின் பெயர்."
"யார் சொன்னது?"
யாரும் சொல்லவில்லை.
இருபது வருடமாக அப்படித்தான்
அவள் மனதில் அந்தப் பெண் நடந்துவந்தாள்.

"லைட்டைப் போடுங்கள் டிரைவர், பெரிய லைட்டை."
போட்டேன்.
பனிக்கு நடுவே சரிவு முழுக்கப் புல்.
விறைத்த மஞ்சள் கொத்துகள்.
"இது வெறும் இச்சு, கூரைக்குத்தான் ஆகும்.
கீழே தண்ணீர் கசியும் இடத்தில் இதன் தங்கை உண்டு,
பச்சையாக, மெத்தென்று.
அதுதான் உன் பெண்."

அவள் கண்ணாடியில் மூக்கு அழுந்தப் பார்த்தாள்.
அவர் ஜெயித்த முகத்தோடு சாய்ந்தார்.
ஆனால் கொஞ்ச நேரத்தில்,
"அந்த நாலாவது அடி நீ பாடியது போல இல்லை."
"வேறெப்படி?"
வாயைத் திறந்தார்.
திறந்த வாயில் ஆவி மட்டும் வந்தது.
விரலால் தொடையில் தட்டினார்,
மூன்றாவது அடிவரை போய்த் திரும்பினார்,
மறுபடியும் போனார்.
அனக்லெத்தோவை எழுப்பினார்கள்.
"என் கைக்கு மெட்டு தெரியும்.
சொல்லெல்லாம் பாடுகிறவர் பாடு,"
என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நாலே முக்காலுக்கு லாரியை இழுத்தார்கள்.
இறங்கும் வழியெல்லாம் அடுத்த சண்டை:
ரிப்பன் பசுவின் இடது காதிலா, வலது காதிலா.
அவள் இடது என்றாள்,
அவர் வலது என்றார்.
எதிரே நின்று பார்க்கிறாளா,
பின்னால் நின்று ஓட்டுகிறாரா
என்று நான் கேட்டிருக்கலாம்.
வளைவுகள் மோசமாக இருந்தன.

ஒரு வாரம் கழித்துத் திரும்பும் டிரிப்பில்
பெட்ரோல் பங்க்கில் இறங்கிப் பார்த்தால்
என் பக்கக் கண்ணாடியில் சிவப்பு ரிப்பன்,
இரட்டை முடிச்சு.
சோசிமாவைக் கேட்டேன், அவள் கட்டவில்லை.
ஹெர்மோகெனெஸ் கட்டமாட்டார்,
அவருடைய சபையில் கூடாது.

அவிழ்க்கவில்லை.
ஓட்டும்போது காற்றில் அடித்துக்கொள்கிறது.
ஆர்ப்புக்கு அரை டிக்கெட் போதும் என்று
கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்,
இன்னும் பதில் இல்லை.