இருபத்துமூன்று கிலோ

டுலூத்தில் மே மாதம்.
ஏரியில் இன்னும் பனிக்கட்டி மிதக்கிறது.
அம்மா ஒரு கம்பளிக் கோட்டோடு வந்து நிற்கிறாள்:
"மங்கோலியாவில் குளிருமாம், அனிக்கா."

குளியலறை எடைப்பொறியில்
பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை ஏறுகிறேன்,
வெறுங்கையோடு ஒருமுறை.
அது பவுண்டில் சொல்கிறது,
விமானக்காரன் கிலோவில் கேட்கிறான்.
எப்படிக் கழித்தாலும் மூன்று கிலோ அதிகம்.
இலக்கணப் புத்தகமே ஒன்றரை இருக்கும்.
இருந்துவிட்டுப் போகட்டும்.
அது இல்லாமல் என்னை யார் ஆசிரியை என்பார்கள்?

ஞானப்பல் இரண்டையும் பிடுங்கிவிட்டு வரச் சொன்னது
மருத்துவப் படிவம்.
வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே ஊசிகள்,
கடிக்கப்போகும் நாய் இன்னும் பிறந்திருக்காது.
காரை விற்றாகிவிட்டது.
கல்லூரிக் கடன் மட்டும்
விசா இல்லாமலே கூட வருகிறது.

இரவு வேலை ரொட்டிக்கடையில்.
இஃப்ராவை மாவு மூட்டைமேல் உட்காரவைத்தேன்,
என் முதல் வகுப்பின் ஒரே மாணவி.
"ஹலோ. என் பெயர் அனிக்கா. உன் பெயர் என்ன?"
பதில் இல்லை.
மாவு அப்பிய கையைத் தூக்கினாள்.
தூக்கியபடியே இருந்தாள்.
"இது பாடத்தில் இல்லையே" என்றேன்.

"பத்து வயதில் இங்கே வந்தேன்.
முதல்நாள் ஹலோ சொல்லித்தந்தார்கள்.
அப்புறம் வானவில்லின் ஏழு நிறம்.
கழிப்பறை எங்கே என்று கேட்க மட்டும்
யாரும் சொல்லித்தரவில்லை.
மூன்று மணிவரை அடக்கிக்கொண்டேன்.
மூன்று ஐந்துக்குப் பள்ளிப் பேருந்து, மஞ்சள் சீட்டு..."
சிரித்தாள்.
நான் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.
அடுப்பு மணி அடித்தது. தட்டுகளை இழுத்தோம்.

விடியற்காலை, பேருந்து நிறுத்தத்தில்
கைபேசியில் தேடினேன்.
உடம்பைச் சரிசெய்யும் இடம் எங்கே,
இப்படித்தான் கேட்கிறார்களாம் அந்த மொழியில்.
சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.
பல் போன குழிக்குள் நாக்கு இடறி விழுந்தது.
தூண்டிலோடு நின்றிருந்தவர்
இரண்டடி தள்ளிப்போய் நின்றார்.
மறுபடி சொன்னேன்.
அவர் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போனார்.

வீட்டுக்கு வந்ததும்
பாடக்குறிப்பின் முதல் பக்கத்தைக் கிழித்தேன்.
இலக்கணப் புத்தகம் அலமாரிக்குத் திரும்பியது.
இன்னும் ஒன்றரைக் கிலோ அதிகம்.

கோட்டை எடுத்தால் சரியாகிவிடும்.
அம்மா வாசலில்தான் நிற்கிறாள்.