ஏழாம் பாகம்

நாலரை மணிக்கு முதல் பண்ணை.
பால் வண்டிக்குள் ஹீட்டர் சூடேறும் முன்பே
குன்வால்டிஸ் வாசிக்கத் தொடங்கிவிடுவார்.
ரேசெக்னேயிலிருந்து லூட்சா வரை
ஏரியைச் சுற்றிப் பதினோரு பண்ணைகள்.
ஆறு பாகங்கள், எழுபத்துமூன்று மணி நேரம்,
ஒரே துப்பறியும் கதை, ஒரே தொண்டை.

கொலைகாரன் பெயர் வருமுன்
எச்சில் விழுங்குவார்.
எழுதியவர் எழுதாத எச்சில்.
அதற்காகவே இறங்காமல்,
குழாயை மாட்டாமல் உட்கார்ந்திருப்பேன்,
பண்ணைக்கார டோனாட்ஸ் வந்து
கண்ணாடியைத் தட்டும்வரை.

ஆய்வாளரின் நாய் கிழட்டு நாய்
என்றே நம்பியிருந்தேன்.
அதன் வயது எங்குமே சொல்லப்படவில்லை.
குன்வால்டிஸுக்கு மூச்சு வாங்கியது,
நாய்க்கு வயதாகிவிட்டது.

ஹெர்மினே கதையைக் கேளுங்கள்.
மருந்துக்கடைக்காரரின் விதவை,
பாகத்துக்குப் பாகம் தவறாமல் வருவாள்.
"ஜன்னலைச் சாத்துங்கள், குளிர்கிறது" என்பாள்.
மூக்கால் சொல்வாள்.
கடைசிச் சொல்லை இழுத்து, மேலே தூக்கி,
எதிரே நிற்பவன் தலையில் போடுவாள்.
கைபட்டாலும் குற்றம் கால்பட்டாலும் குற்றம்
என்று ஆகிவிட்டது எனக்கும் அவளுக்கும்.
ஆறாம் பாகத்தில் அவள் வீடு எரிந்தபோது
ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தேன்.

ஏழாம் பாகத்துக்கு வேறு குரல்.
யாரோ லாஸ்மாவாம்.
முதல் நாள் ஐந்தே நிமிடத்தில் அணைத்தேன்.
நம் வீட்டுச் சாவியோடு அந்நியப் பெண் நுழைந்து
உப்பு டப்பாவைச் சரியாக எடுத்தது போலிருந்தது.
மறுநாள் ரேடியோவில் வானிலை மட்டும்.
மூன்றாம் நாள் மூடுபனி,
ரேடியோவும் இரைந்தது.
சரி, பேசித் தொலை என்றேன்.

விழுங்கவே இல்லை அவள்.
ரொட்டி வாங்கினான் என்பதுபோல்
கொன்றான் என்றாள்.
எரிச்சலோடு அணைக்கக் கை நீட்டியபோது
ஹெர்மினே வந்தாள்.

"ஜன்னலைச் சாத்துங்கள். குளிர்கிறது."

அவ்வளவுதான்.
குளிர்கிற ஒருத்தி.
போர்வைகூட மிஞ்சாமல் எரிந்துபோன
வீட்டிலிருந்து வந்த ஒருத்தி.

பிரேக் போட்டேன்.
பின்னால் ஒன்பதாயிரம் லிட்டர்
முன்னே வந்து மோதி, பின்னே போய்,
மறுபடி வந்து, அடங்கியது.

சனிக்கிழமை லூட்சா நூலகத்தில்
ஆறு பாகங்களையும் புரட்டிப் பார்த்தேன்.
"என்றாள் ஹெர்மினே."
எந்தப் பக்கத்திலும் மூக்கு இல்லை.

என் கணவன் ஓயார்ஸுக்கு ஒரு அக்கா.
வெல்கா, அயர்லாந்தில் காளான் பறிக்கிறாள்.
அவள் அனுப்பும் செய்தியை
இரவுச் சாப்பாட்டில் அவன்தான் வாசிப்பான்.
"அம்மா வீட்டுக் கூரை ஒழுகுகிறதா?"
'ஒழுகுகிறதா'வை இழுத்து, மேலே தூக்கி...
நன்றாகவே செய்வான்.
பிள்ளைகளுக்குப் புரை ஏறும்,
எனக்கும்.
பதினான்கு வருஷம்.
ஒருமுறைகூட அவளோடு நான்
இரண்டு நிமிடத்துக்குமேல் பேசியதில்லை.

அன்றிரவு அவன் தூங்கியபின்
கண்ணாடி போட்டுக்கொண்டு நானே வாசித்தேன்.
முதல் தடவை அவன் மூக்கில்தான் கேட்டது.
மறுபடி வாசித்தேன், அதே மூக்கு.
அதற்குப் பிறகு எத்தனை தடவை என்று
எண்ணவில்லை.
கூரை ஒழுகுகிறதா.
கூரை.
ஒழுகுகிறதா.
மழை பெய்யும் வேறொரு ஊரில்
ஒருத்தி அண்ணாந்து பார்த்துக் கேட்கிறாள்.

லாஸ்மாவைப் பிடித்துவிட்டது என்று
சொல்ல மாட்டேன்.
ஏழாம் பாகத்தில் அந்த நாய்
குட்டிபோல் ஓடித் திரிகிறது.
அதை மன்னிக்க முடியாது.

இன்று கடைசிப் பண்ணை முடிந்ததும்
கதையை நிறுத்தினேன்.
என்ஜினையும் நிறுத்தினேன்.
அங்கே மணி ஏழு இருக்கும்,
கை கழுவிக்கொண்டிருப்பாளோ என்னவோ.
நான்கு முறை அடித்தது.
யாரோ எடுத்தார்கள்.
பின்னால் தண்ணீர்ச் சத்தம்.

பெயரைச் சொல்லுமுன்
எச்சில் விழுங்கினேன்.